முப்பது குப்பியும் எட்டுக் குப்பியும்

கருத்தரிப்பு மையத்தில் செவிலியர் வேலை எனக்கு. டெஸ்ட் டியூப் குழந்தை சிகிச்சையில் முட்டைகளை வளர்க்க டாக்டர் எழுதிய ஊசிச் சீட்டைத் தம்பதிக்கு விளக்கும்போது முதலில் வரும் கேள்வி, "மொத்தம் எவ்வளவு ஆகும் சிஸ்டர்?" என்பதுதான்.

நான் குப்பிக் கணக்கில் சொல்வேன். வழக்கமான முறையில் தினம் 225 யூனிட் என்றால் 75 யூனிட் குப்பி மூன்று. பத்து நாளுக்கு முப்பது. நடுவில், முட்டை முன்கூட்டியே வெடிக்காமலிருக்க இன்னொரு ஊசியும் சேரும். ஊசியைக் குறைக்கும் மிதமான முறையில் 5 நாள், முட்டை வளர உதவும் லெட்ரோசோல் மாத்திரை, ஒருநாள் விட்டு ஒருநாள் 150 யூனிட் ஊசி. நான்கு தடவை போட்டால் எட்டுக் குப்பியோடு சரி.

குப்பியிலும் இரண்டு ரகம். சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கும் ஹார்மோனான ஹெச்எம்ஜி மலிவு, மரபணு முறையில் லேபில் தயாரிக்கும் ரீகாம்பினன்ட் விலை கூடுதல். குழந்தை பிறக்கும் வாய்ப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. 1978-இல் கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தைக்காக டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் பயன்படுத்தியதும் ஹெச்எம்ஜிதான்.

ஆனால் தியேட்டர், மயக்க மருந்து, லேப் செலவெல்லாம் மாத்திரை போட்டதால் குறையாது. முட்டை இருப்பு நன்றாக உள்ள பெண்ணுக்கு மூன்று முட்டையோடு நின்றால், உறைய வைக்கக் கரு மிஞ்சாமல் போகலாம். முதல் தடவை தங்காவிட்டால் எல்லாச் செலவும் மறுபடி. முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ஹார்மோன் மிகக் குறைந்தவருக்குக் கதையே வேறு. டோஸை ஏற்றினாலும் இருக்கிற முட்டைதானே வளரும்? அவர் சீட்டில் முப்பது குப்பியைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

அப்படி வந்தவர் ஒரு அக்கா, வயது 38. முன்பு வேறொரு இடத்தில் பேக்கேஜ் என்று பணம் கட்டியிருக்கிறார். ஊசி அதில் சேராது என்பது ஏழாம் நாள்தான் தெரிந்ததாம். ஐஸ் போட்ட பிளாஸ்கில் மீதி மருந்தை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பியதைச் சொல்லும்போது, பர்ஸிலிருந்த அடகுச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்தார். "இந்தத் தடவை முழுசா சொல்லிடுங்க சிஸ்டர்."

டாக்டரிடம் கூட்டிப்போனேன். அறிக்கைகளைப் பார்த்துவிட்டு மிதமான முறையே போதும் என்றார். இரண்டு முட்டை கிடைத்தது. ஒரு கரு உறைநிலையில் இருக்கிறது. உறைய வைத்ததற்கும், அடுத்த மாதம் கருவை உள்ளே வைப்பதற்கும், அதற்கு முன் வரும் ஸ்கேன்களுக்கும் ஆகும் தொகையை, ஊசி தொடங்கும் முன்பே அவர் நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன்.