கொட்டானுக்குள் இருக்கும் காற்றுக்கு யார் காசு கொடுப்பது?

காரைக்குடியில் கொட்டான் என்னும் பனையோலைக் கூடையும் செட்டிநாட்டுப் பலகாரமும் இணையவழியில் விற்கும் சிறிய கடையொன்றின் கணக்கையும் விலைப்பட்டியலையும் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். அடக்கவிலைக்கு மேல் எவ்வளவு வைக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு என்னால் ஒரே எண்ணைச் சொல்ல முடிவதில்லை. எங்கள் தொழிலில் அடக்கவிலை, பொருள் அலமாரியில் இருக்கும்போது ஒன்றாகவும் அட்டைப்பெட்டிக்குள் போனபின் வேறொன்றாகவும் இருக்கிறது.

கூரியர் நிறுவனங்கள் பொருளின் உண்மையான எடையையும் பெட்டியின் கொள்ளளவு எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் வாங்குகின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் செ.மீ. கணக்கில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது பரவலான முறை. சீர்த் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் அளவிலான ஒரு கொட்டானுக்கு 30 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 25 செ.மீ. உயரமும் உள்ள பெட்டி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 22,500, வகுத்தால் 4.5 கிலோ. தராசில் வைத்தால் அந்தக் கொட்டான் அரைக் கிலோகூட வராது. மீதியெல்லாம் காற்று. பெங்களூரில் அதை வாங்குபவர் அந்தக் காற்றுக்கும் சேர்த்தே கூலி கொடுக்கிறார். மாவுருண்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. அடக்கமான பண்டம், எடைக்கேற்ற கூலியோடு போய்விடும். தேன்குழல் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: இடத்தை அடைத்துக்கொள்ளும், நொறுங்காமலிருக்கச் சுற்றிலும் காகிதம் திணித்தால் பெட்டி இன்னும் பெரிதாகும்.

ஆகவே எங்கள் விலை முடிவுகளில் முதலாவது, விலையைப் பற்றியதாக இல்லாமல் எதை எப்படிச் சேர்த்து விற்பது என்பதாகவே அமைந்தது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று கொட்டான்களை ஒரே தொகுப்பாக வைத்தோம். பெட்டி அதே பெட்டி, கூலி அதே கூலி. மூன்றாகப் பங்கிடும்போது ஒரு கொட்டானுக்கு விழும் சுமை மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. உள்ளே மிஞ்சும் இடத்தில் மாவுருண்டையோ சீப்புச் சீடையோ வைத்து அனுப்பும் தொகுப்பு அடுத்து வந்தது. கல்யாண வீடுகளில் கொட்டான் வெறுமையாகப் போகும் வழக்கம் இங்கே கிடையாது என்பதால், யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பின்னுபவர்களின் கூலியைக் குறைத்தால் விலை இறங்கும் என்ற யோசனையும் வெளியிலிருந்து வந்ததுண்டு. கடையின் உரிமையாளரான ஆச்சி அதற்கு ஒரே வரியில் பதில் சொன்னார்: "பின்னுறவ கூலியில கை வைக்காம வேற என்ன வேணும்னாலும் பண்ணுங்க தம்பி." கேட்க இரக்கமாகத் தோன்றினாலும் இதற்குள் தெளிந்த கணக்கு இருக்கிறது. வீட்டு ஆச்சிமார் பின்னிவந்த இந்தக் கலை கைவிட்டுப்போகும் நிலைக்கு வந்து, விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை போன்றோரின் பயிற்சியால் சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களிடம் மீண்டும் பரவியது. பிறகு புவிசார் குறியீடும் கிடைத்தது. கூலி கட்டுபடியாகாவிட்டால் பின்னுபவர் வேறு வேலைக்குப் போய்விடுவார், அதன்பின் விலைப்பட்டியல் இருந்து என்ன பயன்? எனவே கூலியை முதலில் எழுதிவிட்டு மற்றவற்றை அதன் கீழே எழுதுவது என்ற வரிசை எங்கள் பேரேட்டில் மாறுவதே இல்லை.

பல கடைகளின் பொருள்களை ஒரே இடத்தில் விற்கும் பெரிய இணையச் சந்தைத் தளங்களில் விற்பது அடுத்த கேள்வி. உதாரணமாக 600 ரூபாய்ப் பொருளுக்குத் தளம் 15 சதவீதம் தரகு எடுத்தால் 90 ரூபாய்; அந்தத் தரகின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 16 ரூபாய் 20 காசு. ஆக 106 ரூபாய் 20 காசு, கூரியர் கூலிக்கு முன்பே போய்விடுகிறது. இவை தவிர, ஜி.எஸ்.டி. பதிவுள்ள விற்பனையாளரின் வரவிலிருந்து தளம் அரை சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டுகிறது. 2024 ஜூலைக்கு முன் இது ஒரு சதவீதமாக இருந்தது. இதைப் பின்னால் வரிக்கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்பதால் செலவாகாது, ஆனாலும் கைமுதல் குறைந்த கடைக்கு அதுவரை முடங்கிக் கிடக்கும் பணம்தான். 2023 அக்டோபர் 1 முதல், விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர்கள் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலேயே தளங்களின் வழியே தம் மாநிலத்துக்குள் விற்கலாம் என்றானது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இது நல்ல வாசல், பெங்களூரிலிருந்து ஆர்டர் வரும்வரை.

நாங்கள் எடுத்த முடிவு, தளத்தில் பலகாரத்தையும் சிறு கொட்டான் தொகுப்பையும் மட்டும் வைப்பது; பெரியவை எல்லாம் சொந்த இணையதளத்திலும் வாட்ஸாப்பிலும் என்பது. 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. பரிவர்த்தனைக்கு வணிகரிடம் வங்கிக் கட்டணம் வாங்குவதில்லை என்பதால், வாட்ஸாப்பில் பேசிக் கியூ.ஆர். குறியீட்டுக்குப் பணம் அனுப்பும் வாடிக்கையாளரே எங்களுக்கு மிகக் குறைந்த செலவில் கிடைப்பவர். பொருள் வந்தபின் பணம் தரும் முறையை நாங்கள் வைக்கவில்லை. வீட்டில் ஆள் இல்லையென்று பெட்டி திரும்பிவந்தால் போக்குவரத்துக் கூலி இரண்டு பக்கமும் நம் தலையில் விழும். அந்த இழப்பை ஒழுங்காகப் பணம் கட்டுகிறவர்களின் விலையில் ஏற்றுவது எனக்குச் சரியாகப்படவில்லை.

'டெலிவரி இலவசம்' என்று போடலாமா என்ற விவாதம் நீண்ட நாள் ஓடியது. போட்டால் விற்பனை கூடும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கூலியை விலைக்குள் புதைத்தால், தேவகோட்டையில் வாங்குபவர் தில்லியில் வாங்குபவருக்காகவும் கட்டுகிறார். தனியாகக் காட்டுவதென்றால் அதையும் தொடக்கத்திலேயே காட்டவேண்டும். கடைசித் திரையில் திடீரென்று தொகை கூடுவதை 2023இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கின்றன. நாங்கள் தமிழகம், தென்மாநிலங்கள், ஏனையவை என மூன்று கூலியை வைத்து, பொருளின் விலைக்குக் கீழேயே போட்டுவிட்டோம். பெரிய எண்ணை எழுதி அதன்மேல் கோடு போட்டுச் சிறிய எண்ணைக் காட்டும் வழக்கமும் எங்களிடம் இல்லை. அந்தப் பெரிய விலைக்கு எவரும் எந்நாளும் வாங்கியிராதபோது அது வெறும் அலங்காரம்.

கல்யாண ஆர்டர்தான் கணக்கை உண்மையில் மாற்றியது. இருநூறு கொட்டான் கேட்கிறவர் இயல்பாகவே விலைக் குறைப்பும் கேட்பார். கைப்பின்னலில் இருநூறாவது கொட்டானும் முதல் கொட்டானைப் போலவே அத்தனை நேரம் பிடிக்கிறது. மழைக்காலமானால் சாயம் தோய்த்த ஓலை காய்வதற்கே நாள் தள்ளும். அங்கே குறைப்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் அடுக்கிக் கட்டி, லாரி பார்சல் சேவையில் மூட்டைக் கணக்கில் அனுப்பும்போது போக்குவரத்துக் கூலி பலமடங்கு குறைகிறது. தனித்தனி அட்டைப்பெட்டியும் மிச்சம். அந்த மிச்சத்தை முழுவதுமாக விலையில் கழித்துக் கொடுக்கிறோம், எங்கிருந்து கழிகிறது என்பதையும் பட்டியலில் எழுதிவிடுகிறோம். பாதிப் பணம் முன்பணம், மீதி மூட்டை கட்டும் நாளில். இப்படி எழுதத் தொடங்கியபின் பேரம் பேசுகிறவர்கள் பின்னல் கூலியை விட்டுவிட்டு, எந்தப் பார்சல் அலுவலகத்தில் போட்டால் இன்னும் மலிவு என்று எங்களோடு சேர்ந்து தேடுகிறார்கள்.

பெரிய கொட்டானை ஒற்றையாக இணையத்தில் விற்பதை இப்போது நிறுத்திவிட்டோம். கடைக்கு நேரில் வருகிறவர்களுக்கு மட்டும் அது கிடைக்கும், கூரியர் கூலி சேராத விலையில்.