சாக்கு எடை கழியாத மூட்டைகள்

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குக் கணக்கு மென்பொருள் பார்த்துக்கொடுக்கிறேன். டெல்ஃபி என்ற நிரல்மொழியில் எழுதியது. பழசுதான், ஆனால் ஓடுகிறது. தை மாதம், சம்பா அறுவடை மும்முரம். கணக்குப்பிள்ளை போன் செய்தார்: "தம்பி, நேத்திலேர்ந்து சாக்கு எடை கழியவே மாட்டேங்குதே?"

முந்தின நாள் ஒரே ஒரு வரிதான் சேர்த்திருந்தேன்.

மூட்டை எடைகள் ஒரு டைனமிக் அரேயில், அதாவது நீளத்தை ஓடும்போதே மாற்றக்கூடிய பட்டியலில், இருக்கும். அதை வாங்கிக்கொள்ளும் புரொசீஜர் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) ஒவ்வொரு எடையிலும் சாக்குக்காக 600 கிராம் கழிக்கும். அரேயை வாங்கும் அந்த பாராமீட்டருக்கு முன்னால் 'வார்' கிடையாது. 'வார்' போட்டால்தான் வெளியே இருக்கும் வேரியபிளே உள்ளே போகும், இல்லாவிட்டால் அதன் நகல்தான். இருந்தும் கழித்த எடை வெளியே சரியாகத் தெரிந்தது. அதனால் அரே எப்போதுமே ரெஃபரன்ஸாகத்தான், அதாவது நகலாகாமல் அசலாகவே, போகும் என்று வருஷக்கணக்காக நம்பியிருந்தேன். கடைசியில் வரும் உதிரி நெல்லுக்கு ஓர் இடம் கூட்டுவதற்காக, புரொசீஜரின் தொடக்கத்திலேயே, அரேயின் நீளத்தை மாற்றும் செட்லெங்த் ஒன்றைப் போட்டேன். அதுதான் அந்த வரி.

டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டேன், தசமத்தைச் சந்தேகப்பட்டேன், அரை நாள் போனது. எரிச்சலில் செட்லெங்த்தைக் கழிக்கும் லூப்புக்குக் கீழே தள்ளிப் பார்த்தேன். கழிவு திரும்பி வந்துவிட்டது! ஆனால் கூட்டிய இடத்தை வெளியே காணோம். அப்போதுதான் உறைத்தது.

அரே வேரியபிளுக்குள் இருப்பது, எடைகள் நினைவகத்தில் எங்கே இருக்கின்றன என்ற வெறும் முகவரி. 'வார்' இல்லாமல் அனுப்பினால் அந்த முகவரிக்குத்தான் நகல் எடுக்கப்படுகிறது. எடைகள் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அவற்றைக் காட்டும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. அதனால் உள்ளே எடையை மாற்றினால் வெளியிலும் மாறும். செட்லெங்த் அந்த எண்ணிக்கையைப் பார்க்கிறது. ஒன்றுக்கு மேல் இருந்தால், தனக்கென்று புது இடம் பிடித்து எடைகளை அங்கே நகலெடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு நான் கழித்ததெல்லாம் அந்த நகலில்தான். ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) என்றால் ஓர் எழுத்தை மாற்றினாலே தனி நகல் ஆகிவிடும். அரேக்கு அந்தப் பழக்கம் இல்லை. 1998இல் டெல்ஃபி 4 வந்ததிலிருந்தே இப்படித்தான். எனக்கு இது இன்னும் பிடிக்கவில்லை.

'வார்' சேர்த்தேன், சரியாகிவிட்டது. அப்புறம் சும்மா இருக்காமல், 'உள்ளே மாற்றக்கூடாது' என்று சொல்லும் 'கான்ஸ்ட்' போட்ட இடங்களையும் பார்த்தேன். அதுவும் முகவரியைத்தான் காக்கிறது, உள்ளே இருக்கும் எடைகளை அல்ல. ரிப்போர்ட் புரொசீஜர் ஒன்று 'கான்ஸ்ட்' அரேயையே வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது. "லிஸ்ட் ஏன் தலைகீழா வருது" என்று கணக்குப்பிள்ளை ஆறு மாதமாகக் கேட்டது இதைத்தான். அங்கே காப்பி எடுத்து வரிசைப்படுத்தச் சொன்னேன்.

இரண்டு நாள் சீட்டுகளில் சாக்குக்கும் சேர்த்து நெல் விலை போயிருந்தது. முதலாளியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "கொடுத்ததைப் போய்க் கேக்கவா முடியும், விடு" என்றார். அந்த மாதச் சம்பளத்தில் கழிப்பார் என்று பயந்தேன், கழிக்கவில்லை.