மால்டாவுக்கு ஒரு 3.7 அங்குலப் பீரங்கி

இரண்டாம் உலகப் போர் விமானங்களை ஓட்டும் கணினி விளையாட்டான ஐஎல்-2 ஸ்டர்மோவிக் 1946 சிமுலேட்டரில், மத்தியதரைக் கடல் தீவான மால்டாவின் வான்போர்க் களத்தில்தான் நான் அதிகம் பறந்திருக்கிறேன். 1941 ஜனவரியில், சேதமடைந்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான இல்லஸ்டிரியஸ் மால்டாவின் கிராண்ட் ஹார்பர் துறைமுகத்தில் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, அதைத் தாக்க வந்த ஜெர்மன் விமானங்களின் பாதையில் தரைப் பீரங்கிகள் வெடிப்புகளாலேயே ஒரு சுவர் எழுப்பின. அவற்றுள் முக்கியமானது பிரிட்டனின் 3.7 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கி. நான் பறந்த களத்திலோ அதே இடத்தில் ஜெர்மன் 88 மி.மீ. பீரங்கி நின்றது. தாக்க வந்தவர்களின் ஆயுதமே மால்டாவைக் காத்து நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஆகவே சரியான பீரங்கியை நானே செய்து விளையாட்டில் சேர்ப்பதென்று முடிவு செய்தேன்.

முப்பரிமாண உருவங்களைச் செய்யும் மென்பொருளான பிளெண்டரில் உருவத்தை வரையத் தொடங்கியபோது, இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் போர்க்காலப் புகைப்படங்களையே பெரிதும் நம்பினேன். புகைப்படத்தில் அருகிலுள்ள பாகம் பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தெரியும் என்பதால், ஏறத்தாழ 4.7 மீட்டர் நீளமுள்ள குழலை அளவுகோலாக வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் எடுத்த படங்களிலிருந்து மட்டுமே மற்ற அளவுகளைக் கணக்கிட்டேன். நான்கு புறமும் விரியும் தாங்குகால்களுக்கு மட்டும் ஒரு வாரம் சென்றது. மேலிருந்து பார்க்கும் விமானிக்கு இந்தப் பீரங்கியை அடையாளம் காட்டுவது அந்தக் கால்களின் விரிப்பே என்பதால், அந்த உழைப்பு வீணல்ல என்று இன்றும் நினைக்கிறேன்.

என்னை உண்மையில் திணறடித்தது சுழலச்சு. நகரும் பீரங்கி மூன்று துண்டுகளாக இருக்க வேண்டும்: அசையாத அடித்தளம், அதன்மேல் 360 பாகையும் திரும்பும் மேடை, மேடையில் ஏறி இறங்கும் குழல். ஒவ்வொரு துண்டும் தன் தொடக்கப் புள்ளியைச் சுற்றியே திரும்பும் என்பதை அறிந்திருந்தும், குழலின் தொடக்கப் புள்ளியை அதன் நடுவிலேயே விட்டுவிட்டேன். கிடைமட்டமாக இருந்தவரை குறை தெரியவில்லை. இந்தப் பீரங்கியின் உச்ச ஏற்றமான 80 பாகைக்கு உயர்த்தியதும், குழலின் பின்பகுதி மேடையைத் துளைத்துக்கொண்டு தரைக்குள் இறங்கிவிட்டது. தொடக்கப் புள்ளியைக் குழல் மேடையில் பொருந்தும் அச்சுக்கு நகர்த்தி, குண்டு வெளிப்படும் குறியையும் குழல்வாயில் மீண்டும் பொருத்திய பிறகே அசைவு சரியானது.

தொலைவிலிருந்து பார்ப்பதற்கான எளிய வடிவங்களையும், அழிந்த நிலைக்கான உருவத்தையும் இரண்டு மாலைகளில் முடித்துவிட்டேன்.

அடுத்து இயல்புகள். சுமார் 12.7 கிலோ எடையுள்ள குண்டு, நொடிக்கு ஏறத்தாழ 790 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறும். 88 மி.மீ. குண்டின் எடையோ 9 கிலோவைச் சற்றே தாண்டும். பழைய பீரங்கியின் அமைப்பை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தால், உருவம் பிரிட்டனுடையதாகவும் வெடிப்பு ஜெர்மனியுடையதாகவும் இருந்திருக்கும். குண்டின் எடை, வேகம், சுடும் இடைவெளி ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றிச் சோதித்தேன்.

கடைசிச் சோதனையில் துறைமுகத்தைச் சுற்றி எட்டுப் பீரங்கிகளை நிறுத்திவிட்டு, ஜெர்மன் குண்டுவீச்சு விமானமான யுங்கர்ஸ் 87-இல் 4,000 மீட்டர் உயரத்தில் நெருங்கினேன். கீழே தாங்குகால்கள் தெளிவாகத் தெரிந்தன. குழல்கள் என் பக்கம் திரும்பின. சில நொடிகள் கழித்து, நான் சாய்ந்து இறங்கவிருந்த இடத்திலேயே முதல் கரும்புகை விரிந்தது.