முதற் சோறும் கக்கலும்: இலங்கை மலையகத்தின் டிக்கோயாவிலிருந்து ஒரு நாட்குறிப்பு

2024 ஜூன் 3, திங்கட்கிழமை

நேற்றோடு மகளுக்கு ஆறு மாதம் நிறைந்தது. இன்று காலை முதன்முதலாகச் சோறு ஊட்டினோம். மாமி அரிசியைக் குழைய வேகவைத்து, விரல்களால் மசித்து, தொண்டையில் சிக்கிவிடக்கூடாது என்ற பயத்தில் வடித்த கஞ்சியையும் ஊற்றி, பால்போல் நீர்க்கக் கரைத்துத் தந்தார். முதல் இரண்டு கரண்டியையும் மகள் நாக்கால் வெளியே தள்ளினாள். இத்தனை நாளும் உறிஞ்சி மட்டுமே பழகிய நாக்கு அப்படித்தான் செய்யும் என்று அறிந்திருந்ததால் நான் பதறவில்லை. மெல்ல மெல்ல ஒரு கிண்ணம் முழுவதும் இறங்கியது. பின்னர் பாலும் கொடுத்துத் தொட்டிலில் கிடத்தினேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, உண்டதெல்லாம் வாயோரமாக வழிந்து, கழுத்து மடிப்புக்குள் இறங்கி, சுவெட்டரின் கழுத்துப்பட்டியில் வெள்ளைத் துணுக்குகளாக ஒட்டிக்கொண்டது. அந்தப் புளித்த பால் நெடி இன்னும் என் தோளில் இருக்கிறது.

ஜூன் 6

நான்கு நாட்களாக இதே கதைதான். கக்கிய பின்பும் அவள் சிரிக்கிறாள், கைகால்களை உதறி விளையாடுகிறாள். அழுவது நான்தான். "புள்ளைக்கு வயிறு இன்னும் பழகல, சோத்த நிப்பாட்டிட்டு பிளேன்டீல பிஸ்கட்ட ஊறவச்சுக் குடு" என்கிறார் மாமி. பிளேன்டீ என்றால் பால் சேர்க்காத தேநீர். மழை விடவில்லை. துவைத்த துணிகள் அடுப்படியில்தான் காய்கின்றன.

ஜூன் 11, செவ்வாய்க்கிழமை

நாங்கள் மிஸ்ஸி என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் இன்று வீட்டுக்கு வந்தார். என் முறைப்பாட்டைக் கேட்டுவிட்டு, அறிவுரை எதையும் தொடங்காமல், "வழக்கமாக எப்படி ஊட்டுவீர்களோ அப்படியே ஊட்டுங்கள், நான் பார்க்கிறேன்" என்று பலகையில் அமர்ந்துவிட்டார். இந்த ஒன்பது நாட்களில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அந்தப் பார்வைதான் என்று நினைக்கிறேன்.

முதலில் கரண்டியை வாங்கிச் சரித்துக் காட்டினார். உணவு தண்ணீராய் ஓடியது. கரண்டியைச் சரித்தாலும் உடனே வழியாமல் ஒட்டி நிற்கும் பதத்தில் இருக்கவேண்டும் என்றும், நீர்த்த கஞ்சி சிறிய வயிற்றைத் தண்ணீரால் நிரப்புமே தவிர வலுவைக் கொடுக்காது என்றும் விளக்கினார். குழந்தையின் இரைப்பை, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 30 கிராம் அளவையே கொள்ளும். ஏழு கிலோவைத் தொடாத என் மகளுக்கு அது சுமார் 200 கிராம். ஒரு கிண்ணக் கஞ்சியையும் அதன்மேல் பாலையும் நான் திணித்திருக்கிறேன். தொடக்கத்தில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும், நாளுக்கு இரண்டு மூன்று வேளை, இடையில் அவள் கேட்கும்போதெல்லாம் தாய்ப்பால் என்றார்.

அடுத்து, குளிருக்காக நான் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்த துணியை அவரே அவிழ்த்தார். இரைப்பையின் வாயிலில் உள்ள தசை வளையம் இந்த வயதில் இன்னும் தளர்வாகவே இருப்பதால், வயிறு அழுந்தினாலோ உண்டவுடன் படுக்கவைத்தாலோ உள்ளே போனது மேலே வருவது இயல்பு. நிறை கூடிக்கொண்டு, குழந்தை உற்சாகமாக இருக்கும்வரை அது நோயன்று. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் நின்றுவிடும். ஊட்டிய பின் அரைமணி நேரம் நிமிர்த்தி வைத்திருக்கச் சொன்னார். தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாந்துதான். கக்குகிறாள் என்பதற்காகக் குப்புறப் போடக்கூடாது, தலையணையும் வைக்கக்கூடாது.

குமட்டலைப் பற்றியும் கேட்டேன். முகம் சிவந்து, சத்தமிட்டு, இருமித் துப்பினால் அது குழந்தை தன்னைத்தானே காத்துக்கொள்வது. சத்தமே வராமல் மூச்சுத் திணறி உதடு நீலம் பாரித்தால்தான் அடைத்திருக்கிறது என்று பொருள். அப்போது குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தித் தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டவேண்டும். ஒரு துணிப்பொம்மையை வைத்து என்னையும் மாமியையும் செய்யச் சொல்லிப் பார்த்தார்.

ஜூன் 14

மாமியிடம் தேநீர் பற்றிப் பேசினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர் அவர். வேலைக்குப் போகையில் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுச்சென்ற தம் குழந்தைகளுக்குச் சாயத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தது அறியாமையால் அன்று, கைக்கு எட்டியது அதுதான் என்பதால். அதை மறந்துவிட்டு அவரைத் திருத்த முனைவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே மிஸ்ஸி சொன்னதை மட்டும் சொன்னேன்: ஆறு மாதத்துக்குப் பின் தாய்ப்பாலில் உள்ள இரும்புச்சத்து போதாது, உணவிலிருந்து வரும் இரும்பு உடலில் சேர்வதைத் தேயிலையின் துவர்ப்புச்சத்து தடுக்கிறது. மாமி நெடுநேரம் பேசவில்லை. மாலையில் அவரே பருப்பை மசித்துச் சோற்றில் சேர்த்து, அரைத் தேக்கரண்டி தேங்காயெண்ணெயும் விட்டுக் கொண்டுவந்தார். இரண்டு கரண்டி உண்டாள், வாயை மூடிக்கொண்டாள், நிறுத்திவிட்டோம். கக்கல் சிறிதளவே.

ஜூன் 22

நேற்றுப் போசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை. பிற்பகலில் மகளுக்குக் காய்ச்சல் தொடங்கியது. மூன்று முறை வாந்தி எடுத்தாள். வழிந்து வரும் கக்கல் அன்று, வயிறு சுருங்கி வேகத்தோடு பீறிட்டது. ஆறு மணிநேரமாக நாப்பி நனையவில்லை. இனிக் காத்திருக்கலாகாது என்று முச்சக்கரவண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். வாந்தி பச்சை நிறமா, இரத்தம் கலந்ததா, வயிறு உப்பிக் கல்லாக இருந்ததா என்றே டொக்டர் முதலில் கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றபோது அவர் முகத்தில் தெரிந்த ஆறுதல் எனக்குள்ளும் இறங்கியது. வயிற்றில் தொற்று என்றார். ஜீவனி என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கரண்டியால் புகட்டவும், தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தாதிருக்கவும் சொல்லி, இரவு வைத்துப் பார்த்து இன்று அனுப்பினார்கள்.

ஜூலை 2, செவ்வாய்க்கிழமை

கிளினிக்கில் நிறை பார்த்தார்கள். சென்ற மாதம் 6.9 கிலோ, இன்று 7.1. நோயில் கிடந்தும் வளர்ச்சி அட்டையில் கோடு மேல்நோக்கியே ஏறியிருக்கிறது. இப்போதும் நாளுக்கு ஒருமுறையேனும் கக்குகிறாள். தோளில் ஒரு துண்டு எப்போதும் கிடக்கிறது. பூசணியும் கரட்டும் பிடித்திருக்கின்றன, உருளைக்கிழங்கைத் துப்புகிறாள். அடுத்து மீன் சேர்க்கலாம் என்றார் மிஸ்ஸி. உப்பிடாத நெத்தலியைத் தலை கிள்ளி, வேகவைத்து, அம்மியில் மை போல அரைத்துத் தருவதாக மாமி சொல்லியிருக்கிறார்.