ஆறு வருடம் கழித்து ஒரு மாநாடு, மகளோடு

அழைப்பு மின்னஞ்சலில் என் கண்ணில் பட்டது ஒரே வரிதான்: குழந்தைகளை அழைத்து வரலாம், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். மகள் பிறந்து ஆறு வருடமாக நான் எந்த மாநாட்டுக்கும் போகவில்லை; கணவருக்கு ஷிஃப்ட் வேலை, வேலூரிலிருந்து அம்மாவை ஒவ்வொரு முறையும் வரவழைக்க முடியாது, குடிநீர்ச் சுத்திகரிப்பில் தினம் ஒரு புது முறை வருகிறது, போகாவிட்டால் பின்தங்கிவிடுவோம் என்று தெரிந்தே வீட்டில் இருந்தேன். அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டேன்.

இடம் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டி என்ற உல்லாச விடுதி நகரம், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 1994-இல் ஐஸ்வர்யா ராய் உலக அழகி ஆனது இங்கேதான் என்றால் நம் ஆட்களுக்கு உடனே பிடிபடும். தங்கியது பேலஸ் ஆஃப் தி லாஸ்ட் சிட்டியில். 1992-இல் திறந்த ஹோட்டல்தான். ஆனால் நிலநடுக்கத்தில் அழிந்த ஒரு பழைய நகரத்தைத் தோண்டியெடுத்ததாக ஒரு கதை கட்டி, அந்தக் கதைக்குத் தகுந்தபடி கோபுரம், தூண், காடு எல்லாம் எழுப்பியிருக்கிறார்கள். க்ரூகர் காட்டில் வாழ்ந்த ஷாவு என்ற யானைக்கு நிஜ அளவில் வெண்கலச் சிலை உள்ளே நிற்கிறது. தந்தத்துக்கு நேர் கீழே தரையில் மகள் பாதத்தை ஒட்டி ஒட்டி வைத்து அளந்தாள், பன்னிரண்டு வந்தது. அப்புறம் அந்த நிலநடுக்கக் கதையை நடித்துக் காட்டும் ஒரு பாலம். இரண்டு பக்கமும் கல் யானைகள், திடீரென்று உறுமல், புகை, கீழே பாலம் அதிர்கிறது. முதல் தடவை என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு முகத்தை மூடியவள், மறுநாள் நடுப்பாலத்தில் போய் நின்று அதற்காகவே காத்திருந்தாள்.

டர்பனிலிருந்து வந்த ஒரு பொறியாளர் தன் இரண்டு பிள்ளைகளோடு அம்மாவையும் கூட்டி வந்திருந்தார். பிள்ளைகள் தங்கள் பாட்டியை ஆயா என்று கூப்பிட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது, எங்கள் ஊர்ப் பக்கமும் பாட்டிக்கு ஆயாதான். 1860-இல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து டர்பனுக்குப் புறப்பட்ட ட்ரூரோ கப்பலுக்குப் பின்னால் வட ஆற்காட்டிலிருந்து எத்தனையோ பேர் கரும்புத் தோட்டத்துக்கு வந்தார்கள், ஆயாவின் முன்னோரும் அப்படித்தான். தமிழ் படிக்கத் தெரியாது. பேச்சும் பாதிக்கு மேல் ஆங்கிலம்தான். ஆனால் என் மகளைப் பார்த்ததும் "சோறு துன்னியா கண்ணு?" என்றார், அசல் எங்கள் ஊர்ப் பேச்சு.

சாயங்காலம் செயற்கைக் கடற்கரையில் அலை வந்து வந்து போக, ஆயா பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். டர்பனில் கடற்கரையையே வெள்ளையருக்கு, இந்தியருக்கு என்று பிரித்து வைத்திருந்த காலத்தில் வளர்ந்தவர். எண்பதுகளில் கணவரோடு முதல் தடவை இங்கே வந்தபோது, எந்த வாசலிலும் யாரும் தடுக்காததே பெரிய அதிசயமாக இருந்தது என்றார். இந்த இடம் அப்போது போப்புத்தாட்ஸ்வானா, நிறவெறி அரசு உருவாக்கிய 'தனி நாடு', அதனால் தென்னாப்பிரிக்காவின் நிறப் பிரிவினைச் சட்டங்கள் இங்கே செல்லாது; ஆனால் உலகில் வேறு யாரும் அதை நாடாக ஏற்கவில்லை. 1985-இல் நிறவெறியை எதிர்த்துப் பல இசைக்கலைஞர்கள் சேர்ந்து சன் சிட்டியில் பாட மாட்டோம் என்று அறிவித்தார்கள். அது சரியான முடிவு என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன், ஆயாவுக்கு அன்று கிடைத்த சந்தோஷமும் பொய்யில்லை.

மாநாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கும் கழுத்தில் பெயர் அட்டை. ஒரு பெண் கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு குழாய்க் கசிவு பற்றிப் பேசினார், குழந்தை அழுதது, அரங்கம் முழுக்கக் காத்திருந்தது, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை. முன்பு ஒரு கூட்டத்தில் வாசலில் என்னைத் தள்ளுவண்டியோடு திருப்பி அனுப்பியது நினைவுக்கு வந்து தொண்டை அடைத்தது. அடுத்த நாள் என் முறை, இருபது நிமிடம். கை நடுங்கியது. கடைசி வரிசையில் மகள் ஆயா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், ஆயா அவள் தலையைத் தடவிக்கொண்டே, ஒன்றும் புரியாவிட்டாலும் நான் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் நடுக்கம் இல்லை.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்துக்கு வரச் சொல்லியிருக்கிறார் ஆயா. லீவு கேட்டிருக்கிறேன்.