பனிமலை எந்தப் பக்கம்?

பூகோள சார் தவறிவிட்டார் என்ற செய்தி நம் வாட்ஸப் குழுவில் வந்ததிலிருந்து ஆளாளுக்கு அவரிடம் அடி வாங்கிய கதையைப் பெருமையாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம். நம் பழைய மாணவர் சங்கத்தின் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று செயலாளர் விடாப்பிடியாக நின்றதற்குக் காரணம் எனக்குத் தெரியும். எனக்குப் பனிமலை என்று பெயர் வைத்தவர் அவர். சிங்கப்பூரில் என் ஆபீசில் ஒருவருக்கும் தெரியாத அந்தப் பெயரை, காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் இன்றும் யாராவது சத்தமாகக் கூப்பிட்டு மானத்தை வாங்குகிறார்கள்.

கதை தெரியாத இளைய செட்டுக்காகச் சொல்கிறேன். காலாண்டுத் தேர்வில் நீர்ச்சுழற்சிப் படம் கேட்டிருந்தார்கள். புத்தகத்தில் இருந்தபடியே வரைந்தேன். கடல், மேகம், அம்புக்குறிகள், ஓரத்தில் உச்சி வெளுத்த ஒரு மலை. சார் தாளை வகுப்புக்கே தூக்கிக் காட்டி, "ஏண்டா அப்பு, இது குன்றக்குடி மலையா? முருகனுக்குக் குளிராதாடா?" என்றார். எல்லாரும் சிரித்து ஓயும்வரை காத்திருந்து முட்டை போட்டார். புத்தகத்தில் இருந்ததை வரைந்ததற்கு முட்டை! இது இரங்கல் கட்டுரைதான், இருந்தாலும் அந்த அநியாயம் எனக்கு இன்னும் ஆறவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

அப்புறம் ஐப்பசி அடைமழை பிடித்தது. ஒருநாள் பீரியடின் நடுவே, குடை இருக்கிறவன் குடையோடும் இல்லாதவன் உரச்சாக்கோடும் கிளம்பு என்றார். "பனிமலை, நீ முன்னால போ. தண்ணி எங்க போகுதோ அங்க போ." பள்ளிக்கூடத்து ஓட்டிலிருந்து விழுந்த தண்ணீர் பின்னாலேயே போனோம். வழியில் ஒரு வளவு வீட்டு ஆச்சி திட்டிக்கொண்டே உள்ளே விட்டார்கள். முற்றத்தின் நாலு பக்கமும் ஓட்டுத்தண்ணீர் கொட்ட, கீழே அண்டாவும் குண்டானும் வரிசையாக நின்றன. அதில் மிஞ்சியது முற்றத்து மூலை வழியாகத் தெருவுக்கு, தெருவிலிருந்து வரத்துக்காலில் ஊருணிக்கு, ஊருணி நிரம்பினால் கண்மாய்க்கு, கண்மாய் நிரம்பினால் கலுங்கு தாண்டி அடுத்த கண்மாய்க்கு, இப்படியே கிழக்கே கிழக்கே போய்க் கடலுக்கு என்று அவர் கலுங்கு மேல் நின்று கை நீட்டிச் சொன்னது, வேட்டி தொடைவரை நனைந்து ஒட்டிக்கொண்டிருக்க, இப்போதும் கண்ணில் நிற்கிறது.

தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு நமக்கு வெறுங்கையோடு வரும், ஐப்பசியில் காற்று திரும்பி வங்கக்கடல் ஈரத்தைக் கொண்டுவந்தால்தான் நமக்குச் சோறு என்பதை அங்கேதான் படித்தேன். செம்புறாங்கல் பூமி குடித்து வைத்துக்கொள்வதால்தான் ஊற்று சுரக்கிறது என்பதையும். "கடல் தண்ணிடா இது. காத்து தூக்கிட்டு வந்துச்சு, திரும்பக் கடலுக்குத்தான் போகும். நடுவுல நாலு மாசம் நம்ம ஊர்ல தங்க வைக்கத்தான் பாட்டன் ஊருணி வெட்டுனான்" என்றார். தேர்வில் இது வரவே இல்லை.

அவர் பாடத்தின் மீதி எனக்கு 2015-இல் சிங்கப்பூரில் புரிந்தது. சுமத்ராவின் கரிச்சதுப்பு நிலங்களை, அதாவது முழுதாக மக்காத இலைதழை படிந்து, காய்ந்தால் மண்ணே எரியும் ஈரநிலங்களை, செம்பனைக்கும் காகித மரத்துக்கும் வாய்க்கால் வெட்டி வடித்திருந்தார்கள். அந்த வருடம் எல்நினோ. பசிபிக் கடல் அங்கே எங்கோ சூடேற, இந்தோனேசியாவில் மழை பொய்த்தது. காய்ந்த நிலம் மாதக்கணக்கில் உள்ளுக்குள் புகைந்தது. புகை காற்றில் ஏறிக் கடல் தாண்டி எங்கள் ஜன்னலுக்கு வந்து, செப்டம்பர் 25 அன்று பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். எல்நினோ வருடங்களில் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் தூக்கலாக இருக்கும். டிசம்பர் முதல் தேதி சென்னை மூழ்கியதை, புகை விலகிய அதே வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். மண், காற்று, தண்ணீர் மூன்றையும் தனித்தனி அத்தியாயமாகப் போட்டவன் எவன் என்று சார் கத்துவது கேட்டது போலிருந்தது.

ஊருக்குப் போனபோது அவரிடம் இதைச் சொன்னேன். காது மந்தமாகிவிட்டது, ஆனால் நக்கல் போகவில்லை. "அது சரி, உன் ஊர்ல பனி விழுதாடா?" என்றார். பிறகு, வரத்துப் பகுதியெல்லாம் தைலமரம் நட்டு வரப்பு போட்டுவிட்டார்கள், தண்ணீர் கண்மாய்க்கு வருவதில்லை என்றார். இதுவும் காகிதத்துக்குத்தான். நான் தலையாட்டினேன், மறுநாள் விமானம் இருந்தது. அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் திரும்பி வந்து ஊருணிக்குப் படித்துறை கட்டினார்கள். நான் அனுப்பிய பணத்தில் எங்கள் வீட்டில் போர் போட்டு, முற்றத்துக்கு மேலே ஷீட் அடித்தார்கள். கொசு வருகிறதாம்.

சார் பெயரில் ஸ்மார்ட் கிளாஸ் கட்டலாம் என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. கட்டுங்கள், என் பங்கும் உண்டு. அதற்கு முன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த வரத்துக்காலைத் தூர்வாரலாமே என்று குழுவில் கேட்டேன். ரெண்டு கும்பிடும் ஒரு பூங்கொத்தும் வந்தன. தனியாக ஒரு நண்பன் போன் செய்து, வரத்துக்கால் மேலே இப்போது வீடு இருக்கிறது, வீட்டுக்காரர் நம் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர், பார்த்துப் பேசு என்றான்.