பிராஞ்ச் வெல்டில் விரிசல்: பேட் போட்டால் போதுமா?

போன மாதம் சைட்டிலிருந்து ஒரு நண்பர் போட்டோ அனுப்பினார். 6 அங்குல ஸ்டீம் ஹெடரிலிருந்து (நீராவி போகும் மெயின் குழாய்) கிடைமட்டமாகப் பிரியும் 4 அங்குல பிராஞ்ச் (கிளைக்குழாய்), இன்சுலேஷனைப் பிரித்த இடத்தில் வெல்டின் ஓரத்தை ஒட்டி தலைமுடி மாதிரி ஒரு விரிசல். "வெல்டர் சொதப்பிட்டான் சார், அரைச்சு எடுத்துட்டு மறுபடி வெல்டு பண்ணி மேல ஒரு பேட் போட்டுரலாமா?" பேட் என்பது ஜாயின்ட்டைச் சுற்றி ஹெடர் மேல் வெல்டு பண்ணும் வலுவூட்டும் தகடு.

பிராஞ்சில் முதல் கைடு (குழாயைப் பக்கவாட்டில் நகரவிடாத தாங்கி) எங்கே இருக்கிறது என்று கேட்டேன். 2 மீட்டரில். அதையும் படம் எடுக்கச் சொன்னேன். கைடின் ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் உரிந்து பளபளவென்று இருந்தது. ஹெடர் சூட்டில் நீள, பிராஞ்ச் அந்தப் பக்கமே கைடில் போய் முட்டியிருக்கிறது. பாவம், வெல்டர் மேல் தப்பில்லை.

கைக்கணக்காகவே பார்க்கலாம். ஹெடரை அசையாமல் பிடித்திருக்கும் ஆங்கரிலிருந்து இந்த பிராஞ்ச் 7 மீட்டர் தள்ளி இருக்கிறது, லைன் 30 டிகிரியிலிருந்து 250க்குப் போகிறது. கார்பன் ஸ்டீல் என்றால் ஹெடர் அந்த இடத்தில் சுமார் 18 மில்லிமீட்டர் நகரும். பிராஞ்சை இரண்டு முனையும் திரும்பாத கம்பி என்று கெட்டதிலும் கெட்டதாக வைத்துக்கொண்டால், ஸ்ட்ரெஸ் என்பது 3 × E × வெளிவிட்டம் × நகர்வு ÷ நீளத்தின் வர்க்கம் (E என்பது ஸ்டீலின் மீட்சிக் குணகம்). 2 மீட்டருக்கு 300 எம்பிஏவை (மெகாபாஸ்கல்) தாண்டுகிறது. ஜாயின்ட்டின் எஸ்ஐஎஃப் (அந்த இடத்தில் ஸ்ட்ரெஸ் எத்தனை மடங்கு கூடும் என்ற எண்) இன்னும் சேரவில்லை. பேட் இல்லாமல் நேரடியாக வெல்டு பண்ணிய 6 அங்குல ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமன் வகை) ஹெடரில் இந்த வளைவுத் திசைக்கு அது சுமார் 3.6, அதே தடிமனில் பேட் போட்டால் சுமார் 2. ஆக பேட் போட்டாலும் 600க்கு மேல்; பி31.3 என்ற பைப்பிங் கோடு இந்த ஏ106 கிரேடு பி குழாய்க்கு அனுமதிப்பது ஏறக்குறைய 205.

அந்தச் சூத்திரத்தில் சுவர்த் தடிமன் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? பிரஷருக்குப் பழகிய கை உடனே தடிமனைத்தான் தேடும். ஆனால் ஹெடர் சூடானால் நகர்ந்தே தீரும், தடியான பிராஞ்ச் போட்டால் அதே 18 மில்லிமீட்டரை இன்னும் அதிக விசையோடு ஜாயின்ட்டில் இறக்கும், அவ்வளவுதான். கைடை 4 மீட்டருக்குத் தள்ளினால் ஸ்ட்ரெஸ் நாலில் ஒரு பங்கு, சுமார் 80. பேடோடு 160, பாஸ். பேட் இல்லாவிட்டால் 280, அப்போதும் ஃபெயில்! அதனால் பேடும் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது.

(நான் எடுத்த எஸ்ஐஎஃப் பி31.3-இன் பழைய அப்பெண்டிக்ஸ் டி கணக்கு. 2020 பதிப்பில் அதைத் தூக்கிவிட்டு பி31ஜே என்ற தனி ஸ்டாண்டர்ட் பக்கம் அனுப்பிவிட்டார்கள், அதில் பிராஞ்ச்-ஹெடர் அளவு விகிதமும் ஜாயின்ட்டின் நெகிழ்வும் சேரும். ரிப்போர்ட்டுக்கு அதைத்தான் போட வேண்டும்.)

இதெல்லாம் குழாய் மொத்தமாக விரிவதால் வருவது. சூடான நீரும் குளிர்ந்த நீரும் ஒரு டீயில் (T வடிவ குழாய் இணைப்பு) கலக்கும்போது உட்சுவரில் வெப்பநிலை அலைபாயும், அந்த ரகம் வேறு. பிரான்சில் சிவோ அணுமின் நிலையத்தில் 1998 மே மாதம் குழாய் விரிசல் விட்டுக் கசிந்தது அப்படித்தான். அதை சாதாரண பைப் ஸ்ட்ரெஸ் மாடல் காட்டிக்கொடுக்காது.

சரி, நண்பருக்குச் சொன்னது: 2 மீட்டரில் கைடின் பக்கக் கட்டைகளை வெட்டி எடுத்துவிட்டு வெறும் ரெஸ்ட்டாக (எடையை மட்டும் தாங்கும்படி) விடுங்கள், 4 மீட்டரில் புது கைடு. அப்புறம் பேடில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டையை யாரும் வெல்டு வைத்து அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே கசிந்தால் முதலில் அதில்தான் தெரியும்.

பதில் வந்தது: "4 மீட்டர்ல கைடு வைக்க ஸ்டீலே இல்லையே சார்."